பெட்டிக்குள் இருக்கும் பொழுது

ஆல்பம் சேர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் தனித்தட்டுகள் போதாமல் போய்விடும். ஒரு கலைஞரின் மூன்று ஆல்பங்கள் கையில் இருக்கும். அந்த மூன்றுக்கும் நடுவே அவர் என்ன வாசித்தார், முதலில் எப்படி வாசித்துக்கொண்டிருந்தார் என்று மனம் கேட்கத் தொடங்கும். அப்போதுதான் பாக்ஸ் செட் பக்கம் கண் போகிறது. மூன்று தட்டு, எட்டுத் தட்டு, எழுபது தட்டு, இருநூறு தட்டு என்று எத்தனையோ அளவுகள். எதை எடுப்பது, எதை விடுவது?

விலையும் அலமாரியில் இடமும் எல்லோரும் போடும் கணக்குகள். எனக்கு முக்கியமாகத் தோன்றும் கணக்கு வேறு. இந்தப் பெட்டி என்னிடம் எவ்வளவு பொழுதைக் கேட்கிறது? அந்தப் பொழுதுக்கு இசைக்குள்ளேயே ஒரு வடிவம் இருக்கிறதா?

*

பெட்டி வாங்கும் பழக்கம் சிடி காலத்தில் பிறந்ததல்ல. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசைதான் அடங்கும். ஒரு சிம்பனியைக் கேட்க நாலைந்து தட்டுகள் வேண்டும். அவற்றைக் காகித உறைகளில் போட்டு, புத்தகம்போல் பைண்டு செய்து விற்றார்கள்.

1930களில் எச்.எம்.வி. இன்னும் ஒரு படி போனது. சந்தா கட்டுகிறவர்கள் போதுமான அளவு சேர்ந்தால் பதிவு செய்வது என்ற முறையில் பீத்தோவன் சொனாட்டாச் சங்கம் ஒன்றை அமைத்தது. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் 1932 முதல் 1935 வரை ஆர்தூர் ஷ்னாபெல் 32 பியானோ சொனாட்டாக்களையும் வாசித்துப் பதிந்தார். அதற்கு முன் ஒருவரும் 32ஐயும் பதிந்ததில்லை. வெட்டி ஒட்டித் திருத்த வழியில்லாத காலம் அது. வேகத்தில் தவறிய சுரங்கள் தவறியபடியே அங்கே இருக்கின்றன. அவற்றைத் தாண்டி ஓடும் சிந்தனையும் இருக்கிறது.

அந்தத் தொகுப்பு இன்று எட்டு சிடிகளில் அடங்கிவிடுகிறது. சேகரிப்பைப் பெரிதாக்க நினைப்பவரிடம் நான் முதலில் சொல்வது இந்த வகைப் பெட்டியைத்தான். எட்டுத் தட்டுகளையும் பிணைப்பது கம்பெனியின் விற்பனைத் திட்டமல்ல. ஒரு மனிதன் தன் இருபதுகளில் தொடங்கி ஐம்பதுகள் வரை ஒரே வாத்தியத்துக்காக எழுதிக்கொண்டே போன பாதை அது. எந்த இடத்தில் நிறுத்தினாலும், எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

*

சின்னப் பெட்டி ஒன்று. பில் எவன்ஸ் ட்ரையோ நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் 1961 ஜூன் 25ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வாசித்த ஐந்து அமர்வுகள். எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷியன் டிரம்ஸ். மதியம் இரண்டு அமர்வு, இரவு மூன்று. பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் மேடை ஏறவில்லை.

அந்த ஒரு நாளிலிருந்து முதலில் இரண்டு ஆல்பங்கள் வந்தன. முதலாவதை லஃபாரோவின் நினைவாகத் தொகுத்தார்கள். அது தொடங்குவதும் முடிவதும் அவர் இயற்றிய உருப்படிகளில். இரண்டு ஆல்பமும் ஜாஸ் கேட்பவர்கள் வீட்டில் அநேகமாக இருக்கும். 2005இல் வந்த மூன்று சிடித் தொகுப்பு அந்த நாளை நடந்த வரிசையிலேயே திருப்பிக் கொடுத்தது.

இரண்டு ஆல்பம் இருக்கும்போது பெட்டி எதற்கு என்று கேட்கலாம். எனக்கு அது வேறு பொருள். முதல் உருப்படியிலேயே மின்சாரம் தடைப்பட்டு ஒலி அறுந்து மீள்வது அப்படியே இருக்கிறது. கண்ணாடித் தம்ளர்கள் உரசுகின்றன. பக்கத்து மேசையில் யாரோ பேசிச் சிரிக்கிறார்கள், தாங்கள் எதன் நடுவே உட்கார்ந்திருக்கிறோம் என்று அறியாமல். மதியத்தில் சற்றுத் தயங்கும் ஒரு பாட்டு இரவில் இன்னொரு முறை வரும்போது மூவரும் ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து வாசிக்கிறார்கள். ஆல்பம் அந்த நாளின் சிறந்ததை எடுத்துத் தந்தது. பெட்டி அந்த நாளையே தருகிறது. சோகத்துக்காகக் கோத்த வரிசை கலைந்துபோகிறது. லஃபாரோவுக்கு இன்னும் சாவு தெரியாது. கேட்கும் நமக்குத்தான் தெரியும்.

*

மைல்ஸ் டேவிஸின் எட்டு சிடிப் பெட்டி. சிகாகோவின் ப்ளக்ட் நிக்கல் கிளப், 1965 டிசம்பர் 22, 23. இரண்டு இரவுகள், ஏழு அமர்வுகள். வெய்ன் ஷார்ட்டர், ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ். முழுத் தொகுப்பு அமெரிக்காவில் 1995இல்தான் பெட்டியாக வந்தது.

அட்டவணையைப் பார்த்தால் தயக்கம் வரும். அதே உருப்படிகள் மறுபடி மறுபடி வருகின்றன. ஆனால் கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது குறையாகவே படாது. அதே வித்வான், அதே தோடி, அதே கீர்த்தனை என்பதால் நாம் போகாமல் இருந்ததுண்டா? நேற்று நிரவல் எங்கே எடுத்தார், இன்று எங்கே எடுக்கிறார் என்பதற்காகத்தானே போகிறோம். இந்த ஐவரும் ஊரறிந்த பழைய பாடல்களை எடுத்துக்கொண்டு, தாளத்தையும் ஸ்வரச் சட்டத்தையும் எவ்வளவு தூரம் நெகிழ்த்தலாம் என்று இரவெல்லாம் பார்க்கிறார்கள். பாட்டு ஒன்றேயாக இருப்பதால்தான் மாறுவது எது என்று தெரிகிறது.

நம் இசைக்கும் இந்தப் பொழுதின் அளவு பொருந்தும். வர்ணத்தில் தொடங்கி, விரிவான ஆலாபனை, தனி ஆவர்த்தனம், துக்கடாக்கள் என்று மங்களத்தில் முடியும் கச்சேரியை எல்.பி. தட்டின் நாற்பது ஐம்பது நிமிடத்தில் அடைக்க முடியாது. ஆலாபனை சுருங்கும், தனி காணாமல் போகும். அதனால் ஒரு முழுக் கச்சேரி, வெட்டாமல், இரண்டு மூன்று சிடியில் கிடைத்தால் நான் யோசிப்பதில்லை. பத்து வித்வான்களின் பொறுக்கியெடுத்த பத்துப் பாட்டுகளைவிட ஒருவரின் ஒரு மாலை எனக்குப் பெரிது.

*

ஒரே பாட்டின் மாற்றுப் பதிவுகளைப் பற்றி.

ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும், எல்லாம் சேர்த்து ஐந்தே நாள், மைக் முன் உட்கார்ந்தார். 29 பாடல்கள். அடுத்த ஆண்டே, 27 வயதில், இறந்தார். 1990இல் வந்த இரண்டு சிடிப் பெட்டியில் அதுவரை கிடைத்த 41 பதிவுகளும் இருந்தன. இரண்டாம் டேக் இருந்தால் முதலாவதன் பின்னாலேயே அதை வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு வாழ்க்கையின் ஒலி முழுவதும் முடிந்துவிடுகிறது. இங்கே மாற்று டேக்குகள் மிகை அல்ல. ஒரு வரியில் குரல் வேறு மாதிரி உடைந்தால், அதுவும் நமக்குக் கிடைத்த கொஞ்சத்தில் ஒரு பங்கு.

க்ளென் கூல்ட் விஷயம் வேறு. 1955 ஜூனில் நியூயார்க்கில் அவர் வாசித்த பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் 38 நிமிட ஆல்பமாக வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. 2017இல் அந்தப் பதிவு நாட்களின் ஒலிநாடாக்கள் முழுவதும் ஒரு பெட்டியாக வந்தன. நின்று, பேசி, மறுபடி தொடங்கும் கூல்ட். எந்த டேக் வேண்டும், எது வேண்டாம் என்பது அவருடைய முடிவு. அந்தத் தேர்வே அவர் கலையில் பாதி. ஒதுக்கியவற்றை நான் கேட்கிறேன் என்றால், ஆல்பத்தை நெஞ்சில் நிற்குமளவு கேட்ட பிறகே அதற்கு எனக்கு உரிமை வருகிறது. பியானோ கற்பவருக்கு அந்தப் பெட்டி பொக்கிஷம். கூல்டை முதன்முதலாக அறிய வருகிறவருக்கு அந்த ஒற்றை ஆல்பம் போதும். 1981இல் அவரே மறுபடி வாசித்த, 51 நிமிடம் ஓடும் இன்னொரு பதிவு அதற்கடுத்து.

*

சில பெட்டிகளில் பாடியவர்களைவிடத் தொகுத்தவர் பெரிய கலைஞராக இருக்கிறார். 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காக ஹாரி ஸ்மித் தொகுத்த அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகை அப்படிப்பட்டது. தன்னிடம் குவிந்திருந்த 78 தட்டுகளிலிருந்து 84 பதிவுகளைத் தேர்ந்தார். பெரும்பாலும் 1920களின் கடைசியில் வெளியாகி, பொருளாதார வீழ்ச்சியில் மறக்கப்பட்டவை. கதைப்பாடல், கூடி ஆடும் இசை, பாட்டு என்று மூன்று பாகம். பாடுகிறவர் கறுப்பரா வெள்ளையரா என்று குறிப்பேட்டில் எங்கும் எழுதவில்லை. இனம் பிரித்துத் தட்டு விற்ற நாட்டில் அது எவ்வளவு பெரிய காரியம்!

அதில் 1928இல் பாடிய மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை, 1963இல் அவருடைய சிற்றூரான அவலானில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டே நியூபோர்ட் விழா மேடையில் பாடினார். அடுக்கிவைத்த வரிசைக்கு இத்தனை பலம் உண்டு. இந்த 84ஐ முன்பின்னாகக் கலைத்துக் கேட்டால் ஹாரி ஸ்மித் மறைந்துபோவார். 1997இல் வந்த ஆறு சிடி மறுபதிப்பில் அவருடைய கையேடும் இருந்தது. கையேடு இல்லாத பிரதியை நான் எடுக்கமாட்டேன்.

*

இனி மாபெரும் பெட்டிகள். மொசார்ட் இறந்து 225 ஆண்டு நிறைவுக்கு 2016இல் 200 சிடி. பாக் பிறந்து 333 ஆண்டு என்று 2018இல் 222 சிடி. நாளுக்கு ஒரு தட்டு என்று வைத்தாலும் பாக் முடிய ஏழு மாதத்துக்கு மேல் ஆகும்.

இவற்றின் உழைப்பை மதிக்கிறேன். ஆராய்கிறவருக்கும் கற்பிக்கிறவருக்கும் இவை அவசியம். ஆனால் ஒரே படைப்புக்குப் பல வாசிப்புகள், பிற்காலத்தார் செய்த மாற்றங்கள் என்று எல்லாமும் சேரும்போது அது தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கும் நூலகமாகிறது. தொடங்கி முடிக்கும் பாதை அதில் இல்லை. வீட்டில் ஒரு நூலகம் இருப்பது நல்லதுதான். அதை வாங்கியதாலேயே பாக் கேட்டவர் ஆகிவிட்டோம் என்று மட்டும் நினைக்கக் கூடாது.

*

கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனிப்பவை சில.

ஏற்கெனவே வைத்திருக்கும் ஆல்பங்கள் பெட்டியில் எத்தனை வருகின்றன? பாதிக்கு மேல் என்றால், புதியதைத் தனித்தனியாக வாங்குவதே நல்லது.

தட்டுகள் எந்த வரிசையில் இருக்கின்றன? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொடங்கிய மொசைக் நிறுவனம் பதிவு நடந்த நாள் வரிசையில் தொகுத்துப் பெயர் பெற்றது. அதன் முதல் வெளியீடுகளில் ஒன்று தெலோனியஸ் மாங்க் ப்ளூ நோட்டுக்காகச் செய்த பதிவுகள். அவற்றில் பெரும்பாலானவை முதலில் 78 தட்டுகளாக, ஒவ்வொன்றாக வந்தவை. அவற்றுக்கு நாள் வரிசையே இயல்பு. ஆனால் எல்.பி. காலத்தில் ஒருவர் முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று யோசித்து அமைத்த ஆல்பத்தை நாள் வரிசை உடைத்துவிடும். அங்கே ஆல்பம் ஆல்பமாக, மூல உறைப்படத்துடன் இருக்கும் பெட்டிதான் சரி. மிகுதிப் பதிவுகள் தனித்தட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

யார் வாசித்தார்கள், எங்கே, எந்த நாள் என்று அச்சில் இருக்கிறதா? ஐந்து சிடியை மெல்லிய அட்டையில் போட்டு, உறைப்படத்தைப் படிக்க முடியாத அளவுக்குச் சுருக்கி விற்கும் மலிவுப் பெட்டிகள் நிறைய. இசை அதேதான். ஆனால் அந்த டிரம்மர் யார் என்று அறியாமல் அடுத்த ஆல்பத்தைத் தேடிப் போக வழி கிடைக்காது.

*

அடுத்து எடுக்கப்போவதை முடிவு செய்துவிட்டேன்.

பாக் இறந்து 250 ஆண்டு நிறைந்த 2000ஆவது ஆண்டில் ஜான் எலியட் கார்டினரும் மான்டெவெர்டி பாடகர் குழுவும் ஒரு பயணம் போனார்கள். 1999 கிறிஸ்துமஸ் நாளில் ஜெர்மனியின் வைமரில் தொடங்கி, ஊர் ஊராக, தேவாலயம் தேவாலயமாக, நம் கைக்கு எட்டிய பாக்கின் சர்ச் கான்டாட்டாக்கள் எல்லாவற்றையும் பாடினார்கள். ஒவ்வொன்றையும் அது எந்த ஞாயிறுக்கு, எந்தத் திருநாளுக்கு எழுதப்பட்டதோ அந்த நாளை ஒட்டியே பாடினார்கள். முடிந்தது 2000ஆம் ஆண்டின் கடைசி நாளில், நியூயார்க்கில். அந்தப் பதிவுகளை வெளியிட கார்டினர் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். 2013இல் எல்லாம் சேர்ந்து 56 சிடிப் பெட்டியாக வந்தன.

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான்: இந்தப் பெட்டி எப்போது கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. மார்கழியில் திருப்பாவை கேட்கும் நமக்கு இந்த முறை புதிதல்ல. முப்பது பாசுரத்தையும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார், எம்.எல். வசந்தகுமாரி பாடிய பதிவு இருக்கிறது. ஒரே மூச்சில் கேட்டு முடிக்கலாம். ஆனால் அந்தந்த நாளின் பாசுரத்தை அந்தந்த விடியலில் கேட்பவருக்குத்தான் அது முழுதாகக் கிடைக்கிறது. பாக்கும் லைப்சிக்கில் வாரம் ஒன்றாக, அடுத்த ஞாயிறுக்குள் எழுதி முடித்தாக வேண்டிய கட்டாயத்தில்தான் இவற்றில் பெரும்பாலானவற்றை எழுதினார்.

அதனால் அந்தந்த வாரத்துக்கு உரியதை அந்தந்த வாரத்தில். முந்தவும் வேண்டாம், சேர்த்துக் கேட்கவும் வேண்டாம். எழுதியவரின் நாட்காட்டிப்படி கேட்க ஓராண்டு பிடிக்கும். அந்த ஆண்டில் வேறு பெட்டி வாங்கத் தேவையில்லை.