கணப்பும் அயலார் மூச்சும்

தீயின் பயன் அதை மூட்டியவருக்கு. அதனின்று எழும் புகையோ ஊருக்கெல்லாம். வெப்பத்தை நான்கு சுவருக்குள் தடுத்து நமக்கென்று வைத்துக்கொள்ளலாம். புகையை அவ்வாறு வைத்துக்கொள்ள எவராலும் இயலாது. அதைப் புகைபோக்கி வழியே வெளியேற்றிவிட்ட பின்னரே நாம் நிம்மதியாகக் குளிர்காய அமர்கிறோம். வெளியேறிய புகை எங்கே செல்கிறது? அடுத்த வீட்டுச் சாளரத்துக்குச் செல்கிறது. தெருவில் விளையாடும் குழந்தையின் நெஞ்சுக்குள் செல்கிறது. தன் இல்லத்தில் தான் விரும்பியவாறு வாழும் உரிமை எங்கே முடிகிறது, அயலாரின் உரிமை எங்கே தொடங்குகிறது என்பது மிகப் பழைய வினா. அதைப் புகையைப் போல் தெளிவாக எழுப்பும் பொருள் பிறிதொன்றைக் காண்பது அரிது.

இவ்வினாவுக்கு விடை காண இங்கிலாந்து நாடு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகச் சட்டங்களை இயற்றியும் திருத்தியும் வந்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றாமல் வாழ இயலாது. அந்நாட்டு நகரங்களில், புகைக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பகுதிகளில் குடியிருப்போர் எத்தகைய விறகுக் கணப்பைத் தேர்ந்தெடுப்பது? பார்வைக்கு இஃது ஓர் எளிய இல்லறச் சிக்கலே. ஆயினும் அதனுள் ஓர் அறவினா பொதிந்திருக்கிறது. அதனை நாம் இங்கே சிறிது ஆராய்வோம்.

ஐந்து நாள் இருள்

இலண்டன் மாநகரின் புகையைக் கண்டித்து ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர் 1661-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதி மன்னர் இரண்டாம் சார்லசுக்குப் படைத்தார். மூன்று நூற்றாண்டு கழிந்தும் அந்நகர் திருந்தவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அங்கே காற்று அசைவின்றி நின்றது. மேலே வெம்மையான காற்றடுக்கு ஒரு மூடியைப் போல் கவிந்திருக்க, கீழே பனியும் நிலக்கரிப் புகையும் ஒன்றாய்த் தேங்கின. பகலிலும் வழி தெரியாமல் பேருந்துகள் நின்றன. சுமார் 4,000 பேர் அதனால் மாண்டனர் என்று அந்நாளில் கணக்கிட்டார்கள். உண்மைத் தொகை 12,000 வரை இருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் கூறுகின்றனர்.

அவர்களைக் கொன்றவர் யார்? ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் இலட்சக்கணக்கான எளிய இல்லங்களின் கணப்புகளுக்கும் பங்குண்டு. தன் பிள்ளைகள் குளிரால் நடுங்கக் கூடாதென்று ஒரு தாய் இரண்டு கரண்டி நிலக்கரியைக் கணப்பிலிட்டாள். அவளைக் கொலைகாரி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது, நாமும் சொல்லோம். எனினும், குற்றமற்ற கைகள் பல்லாயிரம் சேர்ந்து ஒரு பேரழிவை விளைவித்தன என்பதும் மறுக்கவொண்ணாத உண்மையே. தீய எண்ணம் இல்லாத இடத்திலும் தீங்கு நிகழும் என்பதையும், அத்தீங்குக்கும் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்பதையும் அந்த ஐந்து நாட்கள் உலகுக்கு உணர்த்தின.

சர் ஹியூ பீவர் தலைமையிலான குழு 1954-இல் தன் அறிக்கையை அளித்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரம் நகராட்சிகளுக்குக் கிடைத்தது. வீட்டார் தம் கணப்புகளை மாற்றிக்கொள்ளப் பொதுப்பணத்திலிருந்து உதவியும் வழங்கப்பட்டது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. குளிர்காய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. அயலாரை வருத்தாமல் குளிர்காய வழி செய்தது. மக்களைத் தண்டிப்பதோடு நில்லாமல் அவர்தம் சுமையில் ஒரு பகுதியை ஊரும் ஏற்றுக்கொண்டது. நீதியான சட்டத்தின் இலக்கணம் இதுவன்றோ!

நற்கணப்பின் இலக்கணம்

இன்றும் அப்பகுதிகளில் திறந்த கணப்பில் விறகெரிக்க இடமில்லை. அரசு ஆராய்ந்து விலக்களித்த கணப்பில் மட்டுமே விறகை எரிக்கலாம். சோதனையில் அது வெளியிடும் புகைத்துகள் மணிக்கு 5 கிராம் என்ற அளவையும், அதன் வெப்பத்திறனுக்கேற்பச் சேரும் சிறு கூடுதலையும் தாண்டலாகாது என்பது அவ்விலக்குக்கு நெடுநாளாக அடிப்படையாய் இருந்துவரும் அளவு. இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்குப் பின், விதிமீறிப் புகைவிடும் இல்லத்தார்க்கு 175 பவுன் முதல் 300 பவுன் வரை தண்டம் விதிக்கலாம். 2022 ஜனவரி முதல் புதிதாக விற்கப்படும் கணப்புகள் யாவும் மற்றொரு தர அளவுக்கும் உட்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு தகுதிகள் என்பதை வாங்குவோர் நினைவில் கொள்வது நலம். ஒன்று இருப்பதனால் மற்றொன்றும் இருந்தே தீரும் என்பதில்லை.

புகை என்பது யாது? எரியாமல் தப்பிய எரிபொருளே புகை. விறகு தீப்பற்றியதும் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் எரிவளிகள் வெளிப்படுகின்றன. கடைசியில் கரி எஞ்சிக் கனல்கிறது. விறகின் ஆற்றலில் பெரும்பகுதி அவ்வளிகளில்தான் உள்ளது. போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அவை சுடராகி நமக்கு வெப்பம் தரும். கிடைக்காவிடில் புகையாகி அயலாரைச் சேரும். எனவே, புகை மிகுந்த கணப்பு அயலாருக்குத் தீங்கு செய்வதோடு உரியவரின் பொருளையும் வீணடிக்கிறது.

நல்ல கணப்பு ஓர் இரும்புப் பெட்டி. அதன் உட்புறம் தீச்செங்கல் பதிக்கப்பட்டிருக்கும். முன்புறம் கண்ணாடிக் கதவு இருக்கும். முன்னரே சூடேறிய காற்று மேற்புறச் சிறு துளைகளின் வழியே சுடரின் உச்சியில் பாய்ந்து, தப்பியோடும் வளிகளை மறுபடியும் எரிக்கும். விலக்குப் பெற்ற கணப்புகளில் காற்றுத் திறப்பை முழுவதும் அடைக்க முடியாதவாறு ஒரு தடை அமைத்திருப்பார்கள். காற்றை நெருக்கி இரவெல்லாம் விறகைப் புகைய விடும் வழக்கத்தைக் கருவியே தடுத்துவிடுகிறது.

அடுத்தது அளவு. பெரிய கணப்பே சிறந்தது என்று கருதிப் பலர் ஏமாறுகின்றனர். ஓரளவு வெப்பக்காப்புள்ள அறையில் 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுவான கணக்கு. 7 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள கூடத்துக்கு 5 கிலோவாட் போதும். அங்கே 10 கிலோவாட் கணப்பை வைத்தால் அறை தாங்கொணாத சூடாகும். உடனே காற்றைக் குறைப்பார்கள், சுடர் மங்கும், புகை பெருகும். தேவைக்கு மேற்பட்ட கருவி அயலாருக்குத் தீங்காய் முடிவதை இங்கே கண்ணாரக் காண்கிறோம்.

கணப்பு எத்துணைச் சிறந்ததாயினும் ஈர விறகின் முன் அது தோற்றுவிடும். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கும். எரிக்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கப்படும் விறகுக்கு இதுவே விதி. தாமே வெட்டிச் சேர்ப்பவர்கள் கட்டையைப் பிளந்து, மழை படாமலும் காற்றுப் புகுமாறும் அடுக்கி, ஓராண்டோ ஈராண்டோ காத்திருத்தல் வேண்டும். உலர்ந்ததா என்றறிய ஈரமானியைப் பட்டைமேல் வைப்பதில் பயனில்லை. கட்டையை அப்போதே பிளந்து அதன் உள்முகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வண்ணம் பூசிய பலகைகளையும் மருந்தூட்டிய மரத்தையும் கணப்பின் அருகிலும் கொண்டுவரலாகாது. பழைய மருந்து மரங்கள் சிலவற்றின் புகையில் ஆர்செனிக் நஞ்சு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் புகைபோக்கியைத் துப்புரவு செய்வதும், கார்பன் மோனாக்சைடு நச்சுவளியை உணர்ந்து ஒலிக்கும் கருவியை அறையில் பொருத்துவதும் தம் வீட்டார்க்கே செய்யும் கடமைகள்.

முத்திரை போதுமா?

இவ்வளவும் செய்து, விலக்குப் பெற்ற கணப்பையே வாங்கி, உலர்ந்த விறகையே எரிப்பவர் கடமை தீர்ந்தவர் ஆகிவிடுவாரா? சட்டத்தின் முன் ஆகிவிடுவார். ஆனால் சட்டம் முடியும் இடத்தில் அறமும் முடிந்துவிடுவதாக நாம் கருதவில்லை.

தூய விறகுக் கணப்பு என்பது பழைய கணப்பை நோக்கத் தூயதே. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2022-இல் வெளியிட்ட அறிக்கை, புதிய தர அளவுக்கு உட்பட்ட கணப்பில் உலர்ந்த விறகை எரித்தாலும், எரிவாயுவால் வீட்டைச் சூடேற்றும் முறையைவிட 450 மடங்கு நுண்துகள் வெளிப்படும் என்று காட்டியது. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு அளவான அத்துகள்கள் கண்ணுக்குத் தெரியா. நுரையீரலின் ஆழம் வரை செல்வன. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் இத்துகள்களுக்கான ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டர் காற்றுக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. புகைபோக்கியின் வாயில் கரும்புகை தெரியவில்லை என்பதனால் மட்டும் காற்று தூயதாகிவிட்டது என்று எண்ணுவதற்கில்லை.

மேலும், முத்திரை வழங்கப்படுவது சோதனைக் கூடத்தில். அங்கே தேர்ந்த கை, அளந்த விறகு, சீரான காற்று. இல்லத்திலோ அவசரம், மறதி, மழையில் நனைந்த கட்டை. கருவிக்குக் கிடைத்த நற்சான்றை அதைக் கையாள்பவர் தமக்குரியதாக எடுத்துக்கொள்ள இயலாது. அதை அவர் ஒவ்வொரு மாலையும் தம் செயலால் புதிதாக ஈட்ட வேண்டும்.

தேவையும் இன்பமும்

அப்படியாயின் விறகுக் கணப்பே கூடாதா? அவ்வாறு ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பதும் நீதியாகாது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வீசியபோது வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மின்சாரம் அறுந்து, ஏறத்தாழ 4,000 இல்லங்கள் ஒரு வாரத்துக்கும் மேலாக இருளில் கிடந்தன. விறகுக் கணப்பு இருந்த இல்லங்கள் குளிரினின்று தப்பின. ஸ்காட்லாந்து அரசு 2024 ஏப்ரலில் புதிய வீடுகளில் இக்கணப்புகளை ஏறக்குறைய விலக்கியது. சிற்றூராரும் தீவுகளில் வாழ்வோரும் முறையிட, அடுத்த ஆண்டுத் தொடக்கம் முதல் மீண்டும் இடமளித்தது. 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது கட்டணம் செலுத்த வழியின்றி விறகை நாடிய ஏழைகளையும் நாம் மறத்தற்கில்லை.

இவ்விடத்தில் பழைய ஃபிக்ஹு நூலோரின் நுண்ணறிவு நமக்குக் கைகொடுக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னு அர்-ராமி, கட்டடங்கள் பற்றிய மார்க்கச் சட்டங்களைத் தொகுத்தபோது புகைக்கும் இடம் அளித்தார். குளியல் மண்டபங்களின் புகையும் ரொட்டிச் சூளைகளின் புகையும் அயலாருக்குத் தீங்கு, அவற்றைத் தடுக்கலாம். வீட்டுச் சமையலின் புகையோ வாழ்வுக்கு இன்றியமையாதது; அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாலிகி மத்ஹபு அறிஞர்கள் வகுத்த இப்பாகுபாட்டில் புகையின் அளவோடு அதன் அவசியமும் எடைபோடப்படுகிறது. இன்றியமையாத புகையை அயலார் பொறுக்கக் கடமைப்பட்டவர்; இன்பத்துக்காக எழும் புகையைப் பொறுக்குமாறு அவரைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

இந்த அளவுகோலை இன்றைய நகருக்குக் கொண்டுவருவோம். இலண்டன் போன்ற நகரங்களில் விறகெரிப்போர் பலருடைய வீட்டில் எரிவாயுவால் சூடேற்றும் வசதி முன்னரே உண்டு. சுடரின் அழகுக்காகவும் மாலைப்பொழுதின் இனிமைக்காகவுமே அவர்கள் விறகெரிக்கின்றனர். அவ்வின்பம் இழிவானதன்று, தீயைச் சுற்றி அமர்வது மனித குலத்தின் ஆதி மகிழ்ச்சி. ஆனால் அதன் விலையைச் செலுத்துபவர் யார்? பக்கத்து வீட்டில் மூச்சுத்திணறும் முதியவர் அச்சுடரின் அழகைக் காண்பதில்லை. அதன் துகள் மட்டுமே அவர் பங்குக்கு வருகிறது.

என் ஒரு புகைபோக்கியால் என்ன ஆகிவிடும் என்பார் சிலர். 1952-இல் ஒவ்வோர் இல்லத்தாரும் அவ்வாறே எண்ணினர். மரம் மறுபடி வளர்கிறது. ஆகவே விறகு இயற்கைக்கு உகந்தது என்பார் வேறு சிலர். மரம் வளர்வது மெய்யே. ஆனால் வளர்ந்த மரம் அயலாரின் நுரையீரலில் படிந்த துகளை எடுத்துவிடுவதில்லை. பூமிக்குச் செய்யும் நன்மையைக் காட்டி அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கை ஈடுகட்ட முடியாது.

ஆதலால், புகைக்குக் கட்டுப்பாடுள்ள பகுதியில் கணப்பு வாங்கப் போகிறவர் கடைக்குச் செல்லும் முன்னர்த் தம்மையே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளட்டும். வீட்டைச் சூடேற்ற எனக்கு வேறு வழி உண்டா? உண்டெனில், இந்த இன்பத்துக்காக அயலாரிடம் நான் கேட்கும் பொறுமை நியாயமானதா? வேறு வழி இல்லையெனில், என்னால் இயன்றவரை புகையைக் குறைக்கும் கணப்பையும் விறகையும் பழக்கத்தையும் நான் மேற்கொண்டேனா? முதல் வினாவுக்கு ‘உண்டு’ என்று விடையளிப்பவர், கணப்பை வாங்காமலே திரும்புவதுதான் மிகச் சிறந்த தேர்வு. முன்னரே வாங்கிவிட்டவர் அதை மின்சாரம் அறுந்த இரவுக்கென்று ஒதுக்கி வைக்கட்டும். ‘இல்லை’ என்று விடையளிப்பவர் தயக்கமின்றி வாங்கட்டும், அளவறிந்து வாங்கட்டும், உலர்ந்ததை எரிக்கட்டும். அவருடைய எளிய புகையைப் பொறுப்பது அப்போது அயலாரின் கடமையாகும். அவருடைய பழைய கணப்பை மாற்ற உதவுவது, 1956-இல் செய்தது போன்றே, ஊரின் கடமையாகும்.

நாம் விடும் மூச்சைத்தான் அயலார் இழுக்கின்றனர். அவர் விடும் மூச்சை நாம் இழுக்கிறோம். வேலி கட்டிப் பிரிக்க முடியாத சொத்து ஒன்று இவ்வுலகில் உண்டெனில் அது காற்றே. அப்பொதுச் சொத்தில் தமக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்பவரே நல்ல அண்டை வீட்டார்.