சுவரில் கதவு எங்கே

மேடையில் ஒரு வீடு வேண்டுமென்றால் முதலில் அதன் கதவை எந்தப் பக்கம் வைப்பதென்று முடிவுசெய்ய வேண்டும். யார் வாசலில் நிற்கலாம், யார் உள்ளேயே நிற்க வேண்டும் என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. தர்பார், தெரு, காடு என்று சில படுதாக்கள். அவற்றுக்குள் எல்லாக் கதையும் அடங்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) காலத்துப் பாலர் கம்பெனிகளில் வள்ளியாக நின்றதும் பையன்தான். பெண் கதையில் இருந்தாள், மேடையில் இல்லை. கும்பகோணம் பாலாமணி பெண்களை மட்டும் வைத்துக் கம்பெனி நடத்தியது அபூர்வம்.

இந்த மாவட்டத்து அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆண்டுவிழா நாடகத்துக்கு உதவப் போயிருந்தேன். அறிவொளி இயக்கம்தான் கதை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள் பெண்கள், கல்குவாரிப் பெண்கள்கூட. அந்த இயக்கத்தின் கலைக்குழுக்கள் தெருவில் ஆடியவை, அவற்றுக்குப் படுதாவே தேவைப்படவில்லை. பள்ளி விழாவுக்கோ வீடு வேண்டுமாம்.

வழக்கமாக ஆணியும் சுத்தியலும் வெளியாள் வேலை, மாணவிகளுக்குக் காகிதப்பூ. இம்முறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே செய்தார்கள். மூங்கில் சட்டம், அதன்மேல் பழைய வேட்டி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை, காய்ந்ததும் சுண்ணாம்பும் காவியும். தட்டி சாயாமலிருக்கப் பின்னால் முட்டுக் கொடுத்து, அடியில் மணல் மூட்டை. மூட்டையின் எடையை அந்த வயதிலேயே சரியாகக் கணக்கிட்டார்கள். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கிய கணக்குதானே.

சைக்கிளைச் சுவரில் வரைந்துவிடலாம், நிஜ சைக்கிள் இடைஞ்சல் என்றார் ஆசிரியை. "வரைஞ்ச சைக்கிள எப்படி டீச்சர் ஓட்டுறது?" என்றாள் ஒருத்தி. ஹேண்டில்பார் இடிக்காமல் நுழையும்படி கதவை மூன்றடிக்கு அகலப்படுத்தினார்கள்.

அழைப்பிதழில் நடித்தவர்கள் பெயர் வந்தது, கட்டியவர்கள் பெயர் வரவில்லை. "பின்னாடி செய்யிற வேலைக்குப் பேர் எதிர்பார்க்கக் கூடாதும்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். பெயருக்கு ஆசைப்படுவது அற்பமா? நல்ல அரங்கம் தன்னை மறைத்துக்கொண்டு கதையைக் காட்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் தட்டி கண்ணில் படாமலிருப்பதும் அதைக் கட்டியவள் கணக்கில் வராமலிருப்பதும் ஒன்றல்ல. சமையலறையிலும் இந்த இரண்டையும் குழப்பித்தான் நம்மைப் பழக்கினார்கள்: சோறு ருசித்தால் போதும், கை எதற்கு? திருவிழா நோட்டீஸில் ஒலி, ஒளி அமைத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது. அவரை யாரும் தற்பெருமைக்காரர் என்பதில்லை, கூலியும் உண்டு.

பிள்ளைகள் தட்டியின் பின்பக்கம் கரித்துண்டால் ஏழு பெயர்களையும் எழுதிவைத்தார்கள். பார்வையாளர்களுக்குத் தெரியாத பக்கம். அடுத்த ஆண்டு அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் பட்டியலைத் தாங்களே கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள்.