எந்த நாளுக்கான டயர்?

மனிதன் தன் வாழ்க்கையைச் சித்தப்படுத்திக்கொள்ள வேண்டியது அன்றாடம் வருகிற நாளுக்கா, அல்லது என்றோ ஒருமுறை வரக்கூடிய நாளுக்கா என்னும் வினா, தர்ம சாஸ்திரம் படித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருக்கும் ஒருவர், தேய்ந்துபோன டயர்களை மாற்றக் கருதிக் கடைக்குள் நுழைந்து, அங்கே அடுக்கியிருக்கும் கறுப்பு வளையங்களைப் பார்த்து நிற்கும்போது, அவர் அறிந்தோ அறியாமலோ அவ்வினாவுக்கே விடை தேடிக்கொண்டிருக்கிறார்.

கடைக்காரர் அவருக்கு மூன்று வகைகளைக் காட்டுவார். முதலாவது, தார்ச்சாலைக்கென்றே அமைந்த ஹைவே டெர்ரெய்ன்; மேற்பரப்பின் ரப்பர்க் கட்டிகளாகிய பட்டன்கள் நெருங்கியும், அவற்றின் மேல் மெல்லிய கீறல்கள் நிறைந்தும், சத்தமின்றி ஓடுவது. மூன்றாவது, சேற்றுக்கென்று பிறந்த மட் டெர்ரெய்ன். பெரிய பட்டன்களுக்கிடையே அகன்ற பள்ளங்கள் இருப்பதால், அப்பிய சேற்றைச் சுழற்சியின் வேகத்திலேயே உதறித் தள்ளிவிட்டு, மீண்டும் மண்ணைக் கவ்வும் ஆற்றல் வாய்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, இரண்டிலும் ஓரளவு நிறைவையும் ஓரளவு குறையையும் ஏற்றுக்கொண்டது ஆல் டெர்ரெய்ன். எல்லா மண்ணுக்கும் தலைசிறந்த டயர் என்று ஒன்று உலகில் இல்லை. சேற்றில் உதவும் அந்த அகன்ற பள்ளமே தாரில் படுகிற ரப்பரின் அளவைக் குறைத்துவிடுகிறது. ஓரிடத்துக் குணம் மற்றோரிடத்தில் தோஷமாவது பொருள்களின் இயற்கை.

எந்த இடத்துக் குணத்தைத் தேர்வது என்பதற்கு ஒரு பழைய பகுப்பு உதவும். வேதம் விதித்த கர்மங்களை ஆராய்ந்த நம் மீமாம்சகர்கள் அவற்றை மூன்றாக வகுத்தார்கள். சந்தியாவந்தனம்போல நாள்தோறும் செய்தே தீர வேண்டியது நித்தியம். கிரகண ஸ்நானம்போல நிமித்தம் நேரும்போது மட்டும் செய்ய வேண்டியது நைமித்திகம். தசரதன் செய்த புத்திரகாமேஷ்டிபோல ஒரு பலனை விரும்பிச் செய்வது காமியம். இவற்றுள் நித்திய கர்மத்தைப் பற்றி அவர்களில் ஒரு சாரார் கொண்ட கருத்து நுட்பமானது: அதைச் செய்வதால் தனிப்பட்ட பலன் ஏதும் கிட்டுவதில்லை, ஆனால் செய்யாமல் விட்டால் பிரத்தியவாயம் என்னும் குற்றம் வந்து சேரும் என்பதே அது.

நல்ல சாலை டயரின் நிலையும் இதுதான். ஐப்பசி மழையில் நனைந்த சாலையில், திடீரென்று குறுக்கே ஓடிவந்த கன்றுக்குட்டிக்கு முன்னால் வண்டி தவறாமல் நின்றுவிட்டால், அதற்காக டயரைப் புகழ்வார் எவரும் இலர், நின்றதாகவே நினைவிருக்காது. நிற்காமற்போனாலோ, அந்த ஒரு கணத்தின் பாவம் ஆயுள் முழுவதும் தொடரும். பட்டன்களுக்கிடையிலுள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று விதி வைத்து, அவ்வளவு தேய்ந்ததைக் கண்டறிவதற்காகப் பள்ளத்தின் அடியிலேயே சிறு மேடுகளையும் அமைத்திருப்பது, புகழற்ற இந்தக் கடமையைக் காப்பதற்காகத்தான். மட் டெர்ரெய்ன் டயரோ பொதுவாக ஈரத் தாரில் நிற்பதற்கு அதிக தூரம் கேட்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை காணப்போகும் சேற்றுக்காக அதைப் பூட்டிக்கொள்பவர், நைமித்திகத்தின் பெயரால் நித்தியத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

"ஆனால் அந்த ஒரு நாளில்தானே ஆபத்து இருக்கிறது?" என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. இதற்குச் சாந்தோக்கிய உபநிஷதத்தில் வரும் உஷஸ்தி சாக்ராயணரின் கதை விடை தருகிறது. குரு நாட்டில் பயிர்கள் அழிந்து பஞ்சம் வந்த காலத்தில், அவர் ஒரு யானைப் பாகனிடம் அவன் உண்டு எஞ்சிய பயற்றை வாங்கி உண்டார். பிறகு அவன் தண்ணீரை நீட்டியபோது, அது எச்சிலாகும் என்று மறுத்தார். "பயறும் எச்சில்தானே?" என்றதற்கு, அதை உண்ணாவிடில் உயிர் தரித்திருக்க முடியாது, தண்ணீரோ வேறிடத்திலும் கிடைக்கும் என்றார். விலக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கொள்ளத்தக்கது; தேவை தீர்ந்த இடத்தில் நியமம் மீண்டும் தொடங்குகிறது.

மணலில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த நெறியைக் கைப்பழக்கமாகவே அறிவார்கள். தார்ச்சாலையில் 30 பவுண்டுக்கு மேல் இருந்த காற்றை, மணல் தொடங்குமிடத்தில் 18 பவுண்டு அளவுக்கு இறக்கிவிட்டால், டயர் தட்டையாகி நீண்ட பாதத்தோடு மணல்மேல் மிதந்து செல்லும். சாலைக்குத் திரும்பியவுடன் காற்றை மீண்டும் நிரப்பியாக வேண்டும், இல்லையேல் பக்கச்சுவர் சூடேறிக் கெடும். அபூர்வ நாளுக்கு வேண்டிய ஆயத்தத்தில் பெரும்பகுதி, விலைகொடுத்து வாங்கும் பொருளில் இல்லை. நிமித்தம் வரும்போது இறங்கவும், நீங்கியபோது ஏறவும் தெரிந்த விவேகத்தில் இருக்கிறது.

எனினும் நித்தியம் என்பது எல்லோருக்கும் ஒன்றன்று. அது அதிகார பேதத்துக்கு, அதாவது அவரவர் நிலைக்கும் தகுதிக்கும் ஏற்ற வேறுபாட்டுக்கு, உட்பட்டது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கல்லும் பள்ளமுமான பாதையில் நாள்தோறும் ஜீப் ஓட்டிப் பிழைப்பவருக்குக் கரடுமுரடே நித்தியம், வழுவழுப்பான நெடுஞ்சாலையே நைமித்திகம். அவர் முரட்டு டயரைத் தேர்ந்தால் அது ஸ்வதர்மம். அதே டயரை நகரத்து அலுவலர் தேர்ந்தால், பெரும்பாலும் அது காமியம்: மலையேறும் வீரனாகத் தன்னைக் காண வேண்டும் என்ற ஆசை.

ஆசை குற்றமா? மீமாம்சகர்கள் காமியத்தைத் தடுக்கவில்லை. ஒரு கடுமையான நிபந்தனையை மட்டும் விதித்தார்கள். நித்திய கர்மத்தை அவரவர் சக்திக்கு இயன்ற அளவில் செய்தாலும் போதும். காமியத்தையோ ஓர் அங்கமும் குறையாமல் முழுமையாகச் செய்தாலொழியப் பலனில்லை. முரட்டு டயரை விரும்புபவருக்கும் இந்த விதி பொருந்தும். முன்சக்கர அச்சும் பின்சக்கர அச்சும் பூட்டிச் சுழலும் வண்டியில் இரண்டு டயரை மட்டும் மாற்றினால், சுற்றளவு பேதத்தால் கியர்களும் தண்டுகளும் முறுக்கேறி வருந்தும். ஆகவே நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஸ்டெப்னியும் அவ்வாறே. 789 மில்லிமீட்டர் விட்டமுள்ள 255/65 ஆர் 18 டயருக்குப் பதிலாக 842 மில்லிமீட்டர் விட்டமுள்ள 275/70 ஆர் 18 டயரைப் பூட்டினால், வேகமானி முன்பு காட்டிய அதே எண்ணில் வண்டி நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக ஓடும்; அதையும் திருத்த வேண்டும். இரைச்சல், டீசல் செலவு, மழையில் முன்செல்லும் வண்டியோடு கூட்ட வேண்டிய இடைவெளி ஆகிய அனைத்தும் அந்த யாகத்தின் அங்கங்களே.

இவ்வளவையும் கணக்கிட்ட பிறகும் வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கட்டும். அவர் ஆசையை ஆசை என்று அறிந்தவர். ஆசைக்கு முன்னெச்சரிக்கை என்று பெயரிட்டுக்கொண்டு வாங்குபவர்தான் அங்கங்களைக் கணக்கிடுவதில்லை, ஏனெனில் கடமையைச் செய்வதாகவே அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.