பத்தியமும் தனிப்பந்தியும்

ஒருவர் ஆசாரம் கருதித் தனியே உட்கார்ந்து சாப்பிடுவது அவருடைய மத உரிமையா, உடன் இருப்பவருக்குச் செய்யும் அவமதிப்பா? நூறாண்டுக்கு முன் இந்தக் கேள்வியைப் பொதுமேடைக்கு இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் ஒரு வைத்தியர். சேலத்தை அடுத்த ராசிபுரத்தில் 1887இல் பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு, நாட்டு வைத்தியத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர். 1918இல் மதுரைப் பேச்சுக்காக அவர்மேல் வழக்குப் போட்டபோது அவருக்காக வாதாடியவர் சேலத்து வக்கீல் ராஜாஜி. ஏழு ஆண்டில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். காரணம், சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகப் போட்ட இலை.

குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயரின் நியாயத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக அந்த இருவருக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் சேர்ந்தே உண்டார்கள். பத்தியம் இருப்பவர் தனியே சாப்பிட்டால் நாம் கோபித்துக்கொள்கிறோமா என்று கேட்கலாம். வைத்தியரை மடக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஆனால் பத்தியம் உடம்பைப் பார்த்துச் சொல்வது. மருந்து நின்றதும் புளியும் உப்பும் இலைக்குத் திரும்பிவிடும். அதில் விலகுவது பண்டம். குருகுலத்தில் சமையல் மாறவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விலக்கப்பட்டது பக்கத்தில் உட்காரக்கூடிய பையன், அதுவும் பிறப்பைக் காட்டி, காலவரையில்லாமல். போதாக்குறைக்கு, அந்த இடம் காங்கிரஸ் கொடுத்த 5,000 ரூபாயும் சேர்ந்து நடந்த தேசியக் கல்விக்கூடம். வீட்டுக்குள் ஆசாரம் காப்பது பெற்றோர் பாடு. ஊர்ப் பணத்தில் ஓடும் கூடத்தில் அதே ஆசாரத்தைக் காக்கும்போது, ஒதுக்கப்படுகிறவனும் அதற்குச் செலவு கொடுக்கிறான்.

1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி, பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்று தீர்மானித்தது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். மனசாட்சியை ஓட்டெடுப்பில் வளைக்கலாமா என்பது அவர்கள் பக்கத்துக் கேள்வி. வளைத்தது மனசாட்சியை அல்ல, பொதுப்பந்தியின் விதியை. அந்தப் பிள்ளைகள் வேறெங்கும் படிக்கத் தடையில்லை. இதைவிடக் கடினமான ஆட்சேபம் நாயுடுவின் பிற்கால வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் இந்து மகாசபைக்குப் போனார். அப்படியானால் அவருக்கு வேண்டியிருந்தது மனித சமத்துவமா, இந்துக்களின் கட்டுக்கோப்பா? இரண்டாவதும் இருந்தது என்றே நினைக்கிறேன். அதனால் 1925இல் அவர் சொன்ன காரணம் பழுதாகிவிடாது. பிறப்பைக் காட்டி ஒதுக்கக்கூடாது என்ற அந்தக் காரணம், மதத்தோடு நின்றுவிட்ட அவரையே கேள்வி கேட்கும் அளவுக்கு விரிந்தது.