வேலை இங்கே, வீடு எங்கே?

நகரத் திட்டமிடல் பாடத்தில் ஒரு கணக்கு வரும். ஒரு வட்டாரத்தில் எத்தனை வேலைகள், எத்தனை வீடுகள் என்று எண்ணி, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். ஒரே வீட்டிலிருந்து ஒருவருக்கு மேல் வேலைக்குப் போவதால், விடை ஒன்றுக்குச் சற்று மேலே வந்தால் அந்த வட்டாரம் சமநிலையில் இருக்கிறது என்பார்கள். பக்கத்திலேயே வேலை இருந்தால் சாலை நெரிசல் குறையும், பெட்ரோல் மிச்சம், சாயங்காலம் பிள்ளைகளோடு இருக்கலாம். பொறியியல் மாணவனுக்குப் பிடித்த மாதிரியான கணக்கு. ஆனா நண்பர்களே, தோட்டத்தில் வாழ்ந்த உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க.

ஏன்னா, தோட்டம் இந்தக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும். என் பாட்டி பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக் களத்துக்கு ஐந்து நிமிட நடை. பள்ளி, கோயில், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை எல்லாமே கூப்பிடு தூரம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் தூரமே இல்லை. பிரச்சினையும் அதுதான். வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் கூரையும் போகும். தாத்தா இறந்து, பாட்டியும் வயதாகி வேலையிலிருந்து நின்றபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. முப்பது வருஷம் அவர் கோலம் போட்ட வாசல் அது. கங்காணியை எதிர்த்து ஏன் யாரும் பேசலை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பேசிட்டு ராத்திரி எங்கடா தூங்குறது?" என்பார்.

அதனால் வேலை பக்கத்தில் இருப்பது மட்டுமே நல்லது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் பக்கத்தில் இருக்க முடிகிறது, யாருடைய தயவில் இருக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். வகுத்தல் கணக்கு அதைக் கேட்பதில்லை.

புத்ராஜெயாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் இருந்த மண் அது. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கே போனது. அலுவலகம், அரசு ஊழியர் குடியிருப்பு, பள்ளி எல்லாம் ஒரே காகிதத்தில் வரைந்து கட்டிய நகரம், அழகான நகரமும்கூட. அந்த மண்ணில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறின. புத்ராஜெயாவின் வேலையையும் வீட்டையும் எண்ணும்போது இவர்கள் எண்ணிக்கையில் வரவே மாட்டார்கள், எல்லைக் கோட்டுக்கு வெளியே இருக்கிறார்களே!

இப்போது என் அம்மா. கோலாலம்பூரில் ஓர் அலுவலகக் கோபுரத்தில் துப்புரவு வேலை. ஏழரைக்குள் தரை பளபளக்க வேண்டும், அதற்காக ரவாங்கில் எங்கள் வீட்டு விளக்கு நாலரைக்கே எரியும். கொமுட்டர், பிறகு எல்.ஆர்.டி. வீடு கடன் கட்டி வாங்கிய சொந்த வீடு. எந்த முதலாளியும் கடிதம் அனுப்பிக் காலி செய்யச் சொல்ல முடியாது. பாட்டிக்குக் கிடைக்காத நிம்மதி அது. அதற்கு அம்மா கொடுக்கும் விலை ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம்.

"யாரும் கட்டாயப்படுத்தலையே, வசதிக்குத் தகுந்த இடத்தில் இருந்துக்க வேண்டியதுதானே" என்று நம் இளைஞர் கூட்டத்திலேயே ஓர் அண்ணன் சொன்னார். நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் கட்டுமானப் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது, சுமை மறையாது, வேறு தூணுக்கு மாறும் என்பது. கோபுரத்துக்கு அம்மாவின் கை வேண்டும், அம்மாவுக்கு இடம் தரும் செலவு வேண்டாம். அந்தச் செலவு காணாமல் போகவில்லை. அவருடைய தூக்கத்திலும் தம்பியின் வீட்டுப்பாடத்திலும் வந்து இறங்கியிருக்கிறது. வசதிக்குத் தகுந்த இடம் என்றால் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. கோலாலம்பூரில் கட்டுப்படியாகும் விலை என்று 300,000 ரிங்கிட் வரை விலை வைத்து வீடுகள் கட்டினார்கள். ஒரு காசு சாப்பாட்டுக்கு எடுக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தாலும் 176 மாதத்துக்கு மேல் ஆகும். பதினான்கு வருஷம் தாண்டும்.

சரி, வேறு வழியே இல்லையா? கெரின்ச்சி எல்.ஆர்.டி. பக்கம் போனால் பாருங்க. பங்சார் சவுத் அலுவலகக் கோபுரங்களுக்குப் பக்கத்திலேயே பி.பி.ஆர். அடுக்குமாடி நிற்கிறது. மாநகர் மன்றத்துக்கு மாத வாடகை 124 ரிங்கிட். பி.பி.ஆர். என்றாலே லிஃப்ட் பழுது, நெரிசல் என்று முகம் சுளிப்போம். அந்தக் குறைகள் உண்மைதான். ஆனாலும் அங்கே இருப்பவர் எதிர்க் கோபுரத்தில் காவலாளியாக இருந்துகொண்டு, மேலாளர் மரியாதைக் குறைவாகப் பேசினால் வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடலாம். ராத்திரி எங்கே தூங்குவது என்று யோசிக்க வேண்டாம். வேலையும் பக்கத்தில், வீடும் முதலாளி கையில் இல்லை. பாட்டிக்கு ஒன்று கிடைத்தது, அம்மாவுக்கு மற்றொன்று கிடைத்தது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது கற்பனை இல்லை என்பதற்கு எனக்கு இது போதும்.

நம் தலைமுறை இரண்டு வருஷத்துக்கு ஒரு வேலை மாறுகிறது, கணவன் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கம் வேலை செய்கிறார்கள், எல்லாரும் எப்படி வேலைக்குப் பக்கத்தில் இருப்பது என்றும் கேட்கலாம். எல்லாரும் இருக்க வேண்டாம். வேலை குவியும் ஒவ்வொரு வட்டாரத்திலும் பெருக்குபவருக்கும் காவல் காப்பவருக்கும் கட்டுப்படியாகும் வாடகை வீடு இருந்தால் போதும். போவதும் போகாததும் அவரவர் இஷ்டம்.

இதை யாரிடம் கேட்பது? நம் நாட்டில் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், விசாரணைக்குப் போய்ப் பேசலாம். கோயில் நிலம் என்றால் நாம் பஸ் பிடித்துக் கூட்டமாகப் போகிறோம். புதிய கோபுரத்துக்கு அனுமதி கொடுக்கும்போது பக்கத்தில் வாடகை வீடு எத்தனை என்று கேட்க இதுவரை நம் கிளையிலிருந்து ஒருத்தரும் போனதில்லை. அடுத்த வரைவு வரும்போது கடிதத்தை எழுத நான் தயார். கூட வருபவர்கள் பெயர் கொடுங்க.