பேரனின் பின்னே ஒரு மஃரிபு

மதீனாப் பள்ளியில் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் இமாமாக நின்று தொழவைக்கிறார்கள். அவர்கள் தோளில் ஒரு சின்னப் பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. மகள் ஸைனபு பெற்ற உமாமா. சுஜூதுக்குப் போகும்போது பிள்ளையை மெல்லக் கீழே இறக்கி வைக்கிறார்கள். எழும்போது மறுபடி தூக்கிக்கொள்கிறார்கள். அபூ கதாதா (ரலி) அறிவித்தது இது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நுபுவ்வத்தின் முத்திரை பதிந்த இடத்தருகே ஒரு பேத்தி! பின்னால் ஸஹாபாக்கள் அணியணியாக நிற்கிறார்கள், முன்னால் நாயகத்தின் தோளில் இந்தக் குழந்தை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. யா அல்லாஹ், எப்பேர்ப்பட்ட நபியின் உம்மத்தில் எங்களைப் பிறக்கவைத்தாய்!

பிள்ளைகளைத் தொழுகைக்குப் பழக்குவது எப்படி என்று இளம் உம்மாமார்கள் என்னிடம் கேட்பார்கள். நான் இந்த ஹதீஸைத்தான் முதலில் சொல்வேன். தொழுகைக்குள் குழந்தைக்கு முதலில் கிடைத்த இடம் ஒரு தோள். அதை மறந்துவிட்டு நாம் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளையின் நெஞ்சில் இறங்காது.

எங்கள் காயல்பட்டினத்தில் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அவள் தாய்வீட்டில்தான் இருப்பாள். அதனால் பேரப்பிள்ளைகள் உம்மம்மா மடியில் வளரும். கலிமாவும் பிஸ்மியும், கை எதுவரை கழுவ வேண்டும், மஸஹு எப்படிச் செய்ய வேண்டும் என்பதும் மதரசாவுக்குப் போகுமுன்பே மடியிலேயே வந்துவிடும். என் உம்மம்மாவுக்குத் தமிழெழுத்து தெரியாது. ஆனால் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கடகடவென்று வாசிப்பார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று இந்தக் கரையெல்லாம் போற்றும் இமாமுல் அரூஸ் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘பத்ஹுத் தய்யான்’ கிதாபை விரித்து வைத்துக்கொண்டு, தொழுகையின் பர்ளுகளை ராகம் போட்டு எனக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த ராகம் இன்னும் என் காதில் இருக்கிறது. தக்பீர் கட்டும்போதெல்லாம் அது எழும்.

பிள்ளைக்கு ஏழு வயதானால் தொழச் சொல்லுங்கள், பத்து வயதாகியும் தொழாவிட்டால் கண்டியுங்கள் என்பது நாயகத்தின் கட்டளை. இதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு கையில் பிரம்போடு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. நாயகம் தம் கையால் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளையும் அடித்ததே இல்லை என்று ஆயிஷா நாயகி (ரலி) சொல்கிறார்கள். சின்ன வயதிலேயே பணிவிடைக்கு வந்து சேர்ந்த அனஸ் (ரலி), பத்து வருடத்தில் ஒரு ‘சீ’ கூடக் கேட்டதில்லை என்று சாட்சி சொல்கிறார்கள். அந்த வாயிலிருந்து வந்த கட்டளையை அந்தக் கையை வைத்துத்தான் விளங்க வேண்டும். ஏழுக்கும் பத்துக்கும் நடுவே மூன்று வருடம் இருக்கிறதே! ஒரு நாளைக்கு ஐந்து வக்து என்று கணக்குப் போட்டால் 5,000 தடவைக்கு மேல் வருகிறது. 5,000 தடவை அன்பாகக் கூப்பிடச் சொல்லியிருக்கிறான் ரப்பு. அந்த வயதில் பிள்ளை மீது பாவம் எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. விடுபட்ட தொழுகைக்குக் கேள்வி இல்லை. தொழுததற்கோ அவன் கருணையில் குறைவில்லை. கடமையாகுமுன்பே காதலாகிவிடுவதற்கு அவனே ஏற்பாடு செய்து தந்த காலம் அல்லவா அது!

என் பேரனை மஃரிபில்தான் தொடங்கவைத்தேன். பாங்கு சொன்னதும் தெருவில் விளையாடும் பிள்ளைகளெல்லாம் வீடு திரும்பும் நேரம். மூன்று ரக்அத்துதான். வீட்டில் எல்லோரும் இருப்போம், தனியாக அவனை எழுப்பி இழுக்க வேண்டியதில்லை. சில மாதம் மஃரிபு மட்டும். பிறகு இஷா தானாகச் சேர்ந்தது, அதன் பின் அஸர். பள்ளிக்கூட நாளில் லுஹர் கொஞ்சம் சிரமம்தான். சுபுஹு கடைசியாக வந்தது. முதல் நாளே ஐந்து வக்தையும் பிள்ளையின் தலையில் ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஏற்றுக்கொண்ட வக்தை விருந்தாளி வந்தாலும், கல்யாண வீடானாலும், பரீட்சையானாலும் விட்டதில்லை. திருச்செந்தூர் ரயிலில் சென்னைக்குப் போகும்போது, பிரயாணத்தில் நாலு ரக்அத்து இரண்டாகச் சுருங்கும் என்று சொன்னேன். “அல்லாஹ் எவ்வளவு நல்லவன் உம்மம்மா!” என்று சீட்டில் சம்மணமிட்டுத் தக்பீர் கட்டிக்கொண்டான். எதிரே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்த்திருந்தார்கள்.

ஒருநாள் ஆற்று ஹதீஸைச் சொன்னேன். வாசலில் ஓடும் ஆற்றில் தினம் ஐந்து தடவை குளிக்கிறவன் உடம்பில் அழுக்கு தங்குமா என்று நாயகம் தோழர்களிடம் கேட்டார்களே, அது. “நம்ம தாமிரபரணி மாதிரியா?” என்றான். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து முஸல்லாவை விரிக்கும்போதெல்லாம் “குளிக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் அதில் ஏறுவான்.

அல்ஹம்து சூராவை அவன் ஒரே மூச்சில் ஓதி முடித்துவிடுவான். அவனை மடியில் வைத்து, இந்தச் சூராவைப் பற்றி ரப்பே நாயகத்துக்குச் சொன்ன செய்தியைச் சொன்னேன். நீ ஒவ்வொரு வசனத்தை ஓதும்போதும் மேலிருந்து பதில் வருகிறது வாப்பா. நீ புகழ்ந்தால், ‘என் அடியான் என்னைப் புகழ்ந்தான்’ என்கிறான். நீ கேட்டால், ‘என் அடியான் கேட்டது அவனுக்குண்டு’ என்கிறான். பிள்ளை கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தான். மறுநாள் சுபுஹுக்குப் பக்கத்தில் நின்றவன் முதல் வசனத்தை ஓதிவிட்டு நிறுத்தினான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான். காது கொடுக்கிறான்! பிறகு அடுத்த வசனம், மறுபடி நிறுத்தம். அவன் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன். அந்த இடைவெளியில் என்ன இருந்தது என்று எழுத எனக்கு மொழி போதாது. வீடு நிறைந்து வழிந்தது. முழங்கால் நடுங்கியது. கடல் பக்கமிருந்து காற்று வந்து ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்ததும் தெரிகிறது, எதுவுமே கேட்கவில்லை என்பதும் தெரிகிறது. அர்ஷின் அதிபதி, ஏழு வயசுப் பிள்ளை ஒருவன் சொல்லும் சொல்லுக்கு மறுமொழி சொல்கிறான்! இதைவிடப் பெரிய சன்மானம் ஆதமுடைய மக்களில் யாருக்குக் கிடைத்தது?

சுஜூதில் ஏழு உறுப்பும் தரையில் படவேண்டும் என்பதை விளையாட்டாகவே கற்றான். நெற்றி மூக்கோடு சேர்ந்து ஒன்று, கை இரண்டு, முட்டுக்கால் இரண்டு, இரு பாதத்தின் விரல்கள் இரண்டு. தன் வயசுக்கும் ஏழு, உறுப்புக்கும் ஏழு என்று அவனுக்கு ஒரே பெருமை. அடியான் தன் ரப்புக்கு மிக நெருக்கமாக இருப்பது சுஜூதில்தான் என்று நாயகம் சொன்னதையும் சொல்லிவைத்திருந்தேன். ஒரு ரமலான் சுபுஹில் நான் ஸலாம் கொடுத்து, தஸ்பீஹும் முடித்துவிட்டேன். அவன் கடைசி சுஜூதிலேயே கிடக்கிறான். தூங்கிவிட்டானோ என்று பார்த்தால் கால்விரல்கள் ஊன்றியபடியே இருக்கின்றன. எழுந்து, அத்தஹிய்யாத் ஓதி முடித்ததும் கேட்டேன்.

“ஏன் வாப்பா இவ்வளவு நேரம்?”

“கிட்ட இருந்தேன்ல உம்மம்மா, அதான்.”

ஸுப்ஹானல்லாஹ்! அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷம் தாங்காத அழுகை. மகளும் எழுந்து வந்து என்னவோ ஏதோ என்று பதறினாள். நான் பதில் சொல்லவில்லை, திரும்பக் கிப்லாவை நோக்கி விழுந்துவிட்டேன்.

போன ஐப்பசியில் மழை விடாமல் ஊற்றிய ஒரு சாயங்காலம். அவன் வாப்பா ஹாங்காங்கில். என் மகள் தொழாத நாள். தெருவில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப முடியாது. மஃரிபு பாங்கு முடிந்ததும், “இன்னைக்கு நீதான் இமாம்” என்றேன். எட்டு வயசு அவனுக்கு. விவரம் தெரிந்த பிள்ளை தொழவைத்தால் பின்னால் நிற்பவர் தொழுகை கூடும் என்பது எங்கள் ஷாஃபி மத்ஹபின் சட்டம். அம்ரு இப்னு ஸலிமாவின் கதையைச் சொன்னேன். அவருக்கு ஆறோ ஏழோ வயது. கூட்டத்திலேயே குர்ஆன் அதிகம் தெரிந்தவர் அந்தப் பிள்ளைதான் என்பதால் பெரியவர்களெல்லாம் அவரை முன்னால் நிறுத்திப் பின்னால் நின்றார்கள். போர்த்தியிருந்த துணி குட்டை. சுஜூதில் மேலே ஏறிக்கொள்ளவே, துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டைக்கு மகிழ்ந்ததுபோல் எதற்கும் தாம் மகிழ்ந்ததில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கேட்டு முடிக்குமுன் பேரன் உள்ளே ஓடினான். பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றான்.

பின்னால் நானும், வெள்ளை மக்கனாவுக்குள் முகம் மட்டும் தெரிய அவன் தங்கச்சியும். தக்பீர் சொன்னபோது குரல் கொஞ்சம் நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. மழைச் சத்தத்துக்கு மேலே அல்ஹம்து சூரா எழுகிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்துகிறான், காது கொடுக்கிறான். நான் பெற்ற பிள்ளை பெற்ற பிள்ளை எனக்கு இமாம்! என் உம்மம்மாவின் ராகத்தில் ஓர் இழை அவன் ஓதலில் இருந்ததை என் காது கண்டுகொண்டது. இமாம் ஆமீன் சொல்லும்போது மலக்குகளும் ஆமீன் சொல்கிறார்கள், எவருடைய ஆமீன் அவர்களுடைய ஆமீனோடு பொருந்துகிறதோ அவருடைய முன்பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன என்று நாயகம் வாக்களித்திருக்கிறார்கள். அவன் ஆமீன் என்றான். நானும் ஆமீன் என்றேன், அடிவயிற்றிலிருந்து. எனக்கும் மலக்குகளுக்கும் ஒரு மூச்சு பிந்தி, தங்கச்சியும் கத்தினாள், “ஆமீன்!” யா ரப்பு, ரஹ்மத்தின் வாசல்களை இப்படியா ஒன்றாகத் திறந்துவிடுவாய்! மக்காவின் வறண்ட பள்ளத்தாக்கில் குடும்பத்தைக் குடியமர்த்திய இப்ராஹீம் நபி (அலை), என்னையும் என் சந்ததியையும் தொழுகையை நிலைநாட்டுபவர்களாக ஆக்கு என்று கையேந்தினார்களே, அந்தக் கேட்பின் கபூலில் ஒரு துளி இந்தக் கடலோர வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஸலாம் கொடுத்துத் திரும்பி, கையேந்தி துஆ ஓதினான். நாங்கள் ஆமீன் சொல்லச் சொல்ல அவனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். துஆ முடிந்ததும் முஸல்லாவை மடிக்கப் போன தங்கச்சியின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“மடிக்காதே, இஷாவுக்கும் நான்தான் இமாம்.”