அரசுக்காக வாதிடுவோரின் அறம்

கூலி வழக்கில் உழைத்தவர் தம் உழைப்பின் பயனைக் கேட்கிறார். உழைப்பைப் பெற்றவர் அதனை மறுக்கிறார் அல்லது குறைக்கிறார். மறுப்பவர் தனியார் முதலாளியாயின் அவருக்காக வாதிடும் சட்டத்தரணியின் நிலை ஓரளவு தெளிவானது. கட்சிக்காரரின் நலனைக் காப்பது அவர் கடமை. எதிர்த்தரப்பின் நலனைக் காக்க வேறொருவர் இருக்கின்றார். மறுப்பது அரசாயின் அத்தெளிவு மங்கிவிடுகின்றது. அரசு மக்கள் அனைவரின் பெயராலும் இயங்குவது. வழக்குத் தொடுத்த ஊழியரும் அம்மக்களுள் ஒருவரே. அவ்வாறாயின், அரசுக்காக எழுந்து நிற்கும் சட்டத்தரணி யாருக்காக வாதிடுகின்றார்? வெற்றியை நாடி அவர் எதுவரை செல்லலாம்?

மன்னார் போன்ற மாவட்டத்தில் இவ்வினா வெறும் ஏட்டு வினாவாக நின்றுவிடுவதில்லை. கடலையும் வயலையும் நம்பி வாழும் இக்கரையோரத்தில், மாதந்தோறும் தவறாது வரும் சம்பளம் பெரும்பாலும் அரசிடமிருந்தே வருகின்றது. கச்சேரி, பாடசாலை, வைத்தியசாலை, உள்ளூராட்சி மன்றம், தலைமன்னார் செல்லும் புகையிரதப் பாதை என்பனவே இங்கு நிலையான தொழிலுக்கு வாயில்கள். தொழில் தருவதும் தொழிலுக்குரிய விதிகளை வகுப்பதும் ஒரே கை. அக்கையின் மீது முறைப்பாடு உடையவர் இறுதியில் செல்லக்கூடிய இடம் நீதிமன்றம்.

இவ்வினாவை ஆராய்வதற்கு இலங்கைச் சட்ட வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதன் நடைமுறையை எதிர்த்து 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் மன்னாருக்கும் பரவிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் திறைசேரி வெளியிட்ட சுற்றுநிருபம், அரசாங்க ஊழியரின் சம்பள ஏற்றத்தைச் சிங்களத் தேர்ச்சியோடு பிணைத்தது. மேசையின் இருபுறமும் தமிழே பேசப்படும் மன்னார்க் கச்சேரி போன்ற அலுவலகங்களில் இவ்விதியின் பொருத்தமின்மை வெளிப்படையாகத் தெரிந்தது. ஆயினும், அதனை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் கேகாலையிற் பணியாற்றிய கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர். மொழித் தேர்வுக்கு அமராத அவருக்கு 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் சட்டமா அதிபரை எதிராளியாக்கி வழக்கிட்டார்.

அரசு தரப்பில் இருவகை வாதங்கள் முன்வைக்கப்பட்டன. மொழிச் சட்டம் அரசியல் யாப்புக்கு இசைவானது, ஆகவே சுற்றுநிருபமும் செல்லும் என்பது ஒன்று. முடியின் ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிடவே முடியாது என்பது மற்றொன்று. கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் இரண்டையும் நிராகரித்து வழக்காளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம் 1967இல் இரண்டாவது வாதத்தை ஏற்றது. அதனால் மொழிச் சட்டத்தின் செல்லுபடி பற்றிய முதலாவது வினாவை அது தீர்க்கவில்லை. இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் 1969 டிசெம்பரில் அத்தீர்ப்பை மாற்றி, ஈட்டிய சம்பளத்துக்காக அரசாங்க ஊழியர் வழக்கிடலாம் என விதித்தது. மொழிச் சட்டம் பற்றிய வினாவை இலங்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் யாப்பு, சிறுபான்மையினருக்குக் காப்பாகக் கருதப்பட்ட 29ஆம் பிரிவைக் கைவிட்டது.

அரசு தரப்பின் அவ்விரு வாதங்களும் சட்ட நோக்கில் ஒரே எதிர்வாதத்தின் இரு பகுதிகள்; அற நோக்கில் அவை வெவ்வேறு இனத்தைச் சார்ந்தவை. “நீர் கேட்பது உமக்குரியதன்று” என்பது முதலாவது வாதத்தின் பொருள். அது கேள்விக்கு விடை கூறுகின்றது. அவ்விடை பிழையாக இருக்கலாம். ஆயினும் கேட்பவரை மதித்தே கூறப்படுகின்றது. “கேட்பதற்கே உமக்கு உரிமை இல்லை” என்பது இரண்டாவது வாதத்தின் பொருள். அது விடை கூறும் கடமையிலிருந்தே அரசை விடுவிக்கின்றது.

அரசுச் சட்டத்தரணியின் பக்கத்திலும் வலுவான நியாயங்கள் உள. பொதுப்பணம் எவருடைய தனிச் சொத்தும் அன்று. பேசாலைக் கடற்றொழிலாளி உப்பும் சீனியும் வாங்குகையிற் செலுத்தும் வரியும் அதனுட் கலந்துள்ளது. பொய்யான கோரிக்கையை எதிர்க்காது விடும் சட்டத்தரணி, நீதிமன்றத்துக்கு வரவே இயலாத அம்மனிதருக்குத் துரோகம் இழைப்பவராவார். மேலும், சட்டத்தில் உள்ள தடையை எடுத்துக்காட்டுவது சட்டத்தரணியின் தொழில். தடை நீதியானதா என முடிவு செய்வது நீதிபதியின் தொழில். சட்டத்தரணி தம் மனச்சாட்சியின்படி தடைகளைக் கைவிடத் தொடங்கினால், மக்கள் தெரிந்தெடுத்த சட்டமன்றத்தின் இடத்தில் அவரே அமர்ந்துவிடுகின்றார். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

ஆயினும் அது ஓர் அடிப்படை வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளவில்லை. தனியார் ஒருவரின் சட்டப் பாதுகாப்பு அவரது உடைமை போன்றது; அவர் அதனைத் தம் நலனுக்காகப் பயன்படுத்தலாம். அரசுக்குச் சட்டம் அளித்த விலக்குரிமை பொதுநலனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொருள். ஒப்படைக்கப்பட்ட பொருளை அதன் நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தல் முறையன்று. காலங்கடந்த வழக்கை ஏற்கலாகாது என்னும் விதியை எடுத்துக்கொள்ளலாம். சாட்சிகள் மறைந்து, பதிவேடுகள் அழிந்த பின்னர் எழும் கோரிக்கையில் உண்மையைக் காண்பது அரிது. அங்கே அவ்விதி நீதிக்குத் துணை. சம்பளப் பதிவேடு திணைக்களத்தின் அலுமாரியிலேயே இருக்க, ஊழியர் சிறிது பிந்தினார் என்பதற்காக அதே விதியை உயர்த்திப் பிடித்தால் அது உண்மையை மறைக்கும் திரையாகிவிடும். விதி ஒன்றே, அதனைப் பயன்படுத்தும் நோக்கமே அறத்தைத் தீர்மானிக்கின்றது.

இக்கருத்துக்கு அயல்நாட்டிலும் ஆதரவு உண்டு. சம்பள நிலுவைக்காக அரசின் மீது வழக்கிடலாம் என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1954இலேயே ஏற்றுக்கொண்டது. 1973இல் புகையிரத ஊழியர் ஒருவரின் வழக்கில் நீதியரசர் கிருஷ்ண ஐயர் ஒருபடி மேலே சென்றார். அரசு எவ்வழியிலேனும் வெல்ல முயலும் சாதாரண வழக்காடி அன்று. நேர்மையான கோரிக்கையை நிறைவேற்றுவதும் சாரமுள்ள எதிர்வாதத்தை நிலைநாட்டுவதுமே அதற்குரியவை. நுட்பக் குறைகளைக் காட்டி எளியவரை வீழ்த்துவது தகாது என்பது அவர் தீர்ப்பின் கருத்து.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. சிலப்பதிகாரத்திற் பாண்டியன் அவையில் நிகழ்ந்ததும் அரசுக்கு எதிரான வழக்கே. அங்கு அரசனுக்கென வழக்குரைப்போர் எவருமிலர். அவனே தன் செயலுக்கு நியாயம் கூறினான். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோன்மை ஆகாது என எதிர்வாதமும் செய்தான். ஆனால் வணிகன் மனைவிக்கு வேந்தனை வினவும் உரிமை ஏது என அவன் கேட்கவில்லை. வாயில் திறந்தது, சான்று கோரப்பட்டது, தேவியின் சிலம்பில் உள்ளவை முத்துக்கள் என அவன் கூற, உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தது. பாண்டியருக்குப் புகழ் தந்த முத்து மன்னார் வளைகுடாவின் விளைபொருள். அம்முத்தே அங்கு அரசனின் எதிர்வாதமாயிற்று. அவன் வழக்கிற் தோற்றான். வாயிலை அடைத்து வெல்ல முயலவில்லை.

இன்றும் இவ்வினா தீர்ந்துவிடவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1978ஆம் ஆண்டின் யாப்பு, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் உயர் நீதிமன்றத்தை நேரே நாட வழிவகுத்தது. அதற்கு அது விதித்த தவணை ஒரு மாதம். ஆயினும் வாயிலை அடைக்கும் வாதங்கள் புதிய வடிவங்களில் எழக்கூடும். போருக்குப் பின் மன்னார் உள்ளிட்ட வடபகுதியிற் புகையிரதப் பாதை மீளமைக்கப்பட்டபோது, பாதுகாப்பற்ற கடவைகளுக்குக் காவலர் பொலிஸ் திணைக்களத்தின் வாயிலாக நாளொன்றுக்கு 250 ரூபாய் கொடுப்பனவில் அமர்த்தப்பட்டனர். காக்கப்படுவது புகையிரதத் திணைக்களத்தின் கடவை. அமர்த்தியது வேறொரு திணைக்களம். இத்தகைய ஏற்பாட்டில் “நீர் எம் ஊழியரே அல்லர்” என ஒவ்வொரு திணைக்களமும் கூற இயலும். சட்டத்தில் அதற்கு இடமிருக்கலாம். உழைப்பைப் பெற்றது ஒரே அரசு என்பதை அது மாற்றாது.

எனவே அரசுச் சட்டத்தரணியின் கடமை நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்கு முன்னரே தொடங்குகின்றது. கோரிக்கை நேர்மையானதாயின் அதனைக் கொடுத்துத் தீர்க்குமாறு திணைக்களத் தலைவருக்கு அறிவுரை கூறுதல் வேண்டும். ஐயத்துக்குரியதாயின் அதன் சாரத்தின் மீது முழு ஆற்றலோடும் வாதிடல் வேண்டும். வாயிலை அடைக்கும் வாதம் கைக்கு எட்டும்போது, அதனால் எப்பொதுநலன் காக்கப்படுகின்றது என வினவுதல் வேண்டும்; விடை இல்லையெனின் அதனைக் கைவிடுமாறு வற்புறுத்தல் வேண்டும். அறிவுரை ஏற்கப்படாமலும் போகலாம். கூறாமல் விட்ட பழி அப்போது அவரைச் சாராது. கோடீஸ்வரன் வழக்கில் ஊழியருக்குரிய வாயில் திறக்க ஏழு ஆண்டுகள் சென்றன. திறந்த பின்னரும் உள்ளிருந்த வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. எழுதுவினைஞர் ஒருவரின் சம்பள ஏற்றத்தோடு, தன் சட்டம் நீதியானதா என அறியும் வாய்ப்பையும் அரசு அங்கு இழந்தது.